ஹெஸ்டரின் ஞாயிற்றுக்கிழமைப் பயணி

எங்கள் ஆல்டர்ஸ்டோக்கில் பொழுது விடிவதே பத்து மணிக்குத்தான். அதுவரை ஊர் தேம்ஸ் நதிப் பனிக்குள் மிதந்துகொண்டிருக்கும். தேவாலயக் கோபுரத்தின் நுனி தெரியும்; வில்லோ மரங்களின் தலை தெரியும். நடுவிலுள்ள நாற்பது வீடுகள் இருக்கின்றனவா என்றே சந்தேகம் வரும். அந்தப் பனிக்குள் துடுப்புச் சத்தம் கேட்டால் ஹெஸ்டர் டிரிண்டர் வேலையில் இருக்கிறாள் என்று அர்த்தம்.

துறவிகள் மடம் இருந்த காலத்திலிருந்தே இங்கே படகுதான். இந்தக் கரை ஒரு மாவட்டம், அக்கரை இன்னொன்று. நாம் பாலம் கட்டினால் அவர்கள் ஓசியில் நடப்பார்களே என்று இரு கரையும் பல நூறு வருஷம் முறைத்துக்கொண்டிருந்தோம். அந்த வீம்பில்தான் ஹெஸ்டரின் பிழைப்பு ஓடியது. அப்பா விட்ட துடுப்பை இருபத்தாறு வயதில் பிடித்தவள், கல்யாணமே செய்துகொள்ளவில்லை.

போர் முடிந்த ஏழாம் வருஷம் பாலம் வந்தேவிட்டது. சனிக்கிழமை பேண்டு வாத்தியத்தோடு திறந்தார்கள். ஹெஸ்டருக்கு ஆற்று மதகைத் திறந்து மூடும் வேலை தயாராக இருந்தது. அவளுக்கு ஒரே கவலை, சைலஸ் இனிப் படகுக்கு வரமாட்டான். அக்கரையில் ஓடைக்கீரை பயிரிடுகிற சைலஸ், பதினெட்டு வருஷமாக ஞாயிறுதோறும் தொப்பியை மடியில் வைத்து அவள் எதிரே உட்கார்ந்து வந்தான். ஆராதனை முடிந்ததும் திரும்பிப் போவான். வெயில், மழை பற்றிய பேச்சைத் தாண்டி இருவரும் எதுவும் பேசியதில்லை. பார்க்கிற எனக்கு எரிச்சலாக வரும்.

மறுநாள் ஞாயிறு. ஹெஸ்டர் வழக்கம்போலப் படகில் போய் உட்கார்ந்தாள். புதுப் பாலத்தில் நின்ற எங்களுக்குப் பனியில் ஒன்றும் தெரியவில்லை. ஆனால் தண்ணீர்மேல் குரல் நன்றாகக் கேட்கும்.

“படகு!” என்றது அக்கரை.

“பாலம் கண்ணுக்குத் தெரியலையா, சைலஸ்?”

“தெரியுது. நீ வா.”

அவனை ஏற்றிக்கொண்டு படகு திரும்பியது.

“பாலத்துல வந்திருந்தா இந்நேரம் சர்ச்சுக்குள்ள இருந்திருப்பே.”

“நான் எதுக்கு உங்க சர்ச்சுக்குப் போறேன்? நான் மெதடிஸ்ட்காரன். எங்க சர்ச் எங்க கரையிலேயே இருக்கு.”

துடுப்புச் சத்தம் நின்றது.

“அப்போ இத்தனை வருஷமா இங்க வந்து என்னய்யா பண்ணினே?”

“கல்லறைத் தோட்டத்துல உக்காந்திருப்பேன். ஒன்றரை மணி நேரம். அப்புறம் நீ கொண்டுபோய் விடுவே.”

“மழையிலயுமா?”

“பெரிய மரம் இருக்குல்ல.”

ஆராதனைக்குப் போகிற நாங்கள் எல்லோரும் பார்த்ததுதான். படகை விட்டு நகராத அவளுக்கு மட்டும் யாரும் சொல்லவில்லை. அடுத்தவர் விஷயத்தில் நாங்கள் தலையிடமாட்டோம். முதுகுக்குப் பின்னால் பேசுவதோடு சரி.

“வாயைத் திறந்து சொல்றதுக்கு என்ன கேடு உனக்கு?”

“நடு ஆத்துல சொல்லி, நீ மாட்டேன்னுட்டா? மிச்சப் பாதியை ரெண்டு பேரும் எப்படிக் கடக்கிறது?”

துடுப்பைப் படகுக்குள் இழுத்துப் போடும் சத்தம் கேட்டது.

“இப்பவும் நடு ஆத்துலதான் இருக்கோம்,” என்றாள் ஹெஸ்டர். “சொல்லு.”

படகு தானாக மிதந்து சரியாகப் பாலத்துக்கு அடியில் புகுந்துவிட்டது. இருபது பேர் கைப்பிடிச் சுவரில் தொங்கியும் அவன் சொன்னதும் அவள் பதிலும் ஒருவர் காதிலும் விழவில்லை. அந்த ஆத்திரம் எனக்கு இன்னும் தீரவில்லை.