நீலச் சட்டைக்கு இறங்கும் புறா

டெய்லரக்காவுக்கு ஒரு குணம் உண்டு. கையில் கத்தரிக்கோல் இருக்கும்போது கோபப்பட மாட்டாள். துணி பாழாகிவிடும். வெட்டி முடித்து, கத்தரிக்கோலைக் கீழே வைத்த பிறகுதான் மற்றதெல்லாம். அதனால்தான் பேட்டரிக் கடைக்காரர் அவள் தையல் கடையில் உட்கார்ந்து மொத்தக் குட்டையும் உடைத்துக்கொண்டிருந்தபோது, அவள் முகத்தில் ஒன்றும் தெரியவில்லை.

அவர் வந்தது கூடைக்கு உறை தைக்க. என்ன கூடை என்று கேட்டாள்.

"புறாக் கூடை அக்கா. பந்தயத்துக்கு வண்டியில ஏத்தி அனுப்புவோமே. உங்க வீட்டுக்காரர் சொல்லலையா?"

அவள் வீட்டுக்காரர் லிஃப்ட் மெக்கானிக். ஞாயிற்றுக்கிழமை வந்தால் எங்காவது ஒரு லிஃப்ட் நின்றுவிடும், அவர் ஓடுவார். பாவம், லீவு நாளில்கூட மாடாய் உழைக்கிறாரே என்று இவள் உருகி உருகிச் சாப்பாடு கட்டிக் கொடுப்பாள். இத்தனை வருஷம் காதில் நன்றாகத்தான் பூச் சுற்றியிருக்கிறார் மனுஷன்!

"நம்ம கடை மொட்டை மாடியிலதான் கூண்டு" என்றார் பேட்டரிக் கடைக்காரர். "எங்க கொண்டுபோய்த் திறந்துவிட்டாலும் நேரா அங்க வந்துரும். ஆனா வந்தா மட்டும் போதாது. புறா கூண்டுக்குள்ள இறங்கணும். அதைப் பிடிச்சு, கால்ல இருக்கிற ரப்பர் வளையத்தைக் கழட்டி, பந்தயக் கடிகாரத்துல போடணும். அப்பத்தான் வந்த நேரம் கணக்காகும். சில சனியன் வாசல் வரைக்கும் வந்துட்டுத் தண்ணித் தொட்டி மேல உட்கார்ந்துக்கும். அந்த நேரத்துல சத்தமே கூடாது. அதுக்குத்தானே உங்க வீட்டுக்காரர் எப்பவும் அதே நீலச் சட்டை போடுறார்? வேற சட்டையைப் பார்த்தா அவர் புறா யாரோன்னு மிரண்டுரும்."

அந்தச் சட்டையா! காலரைத் திருப்பித் தைத்து, முழங்கைக்கு ஒட்டுப் போட்டு, அவளுக்கே அலுத்துப்போன சட்டை. கரித்துணியாக்கப் போனால் பிடுங்கிக்கொண்டு ஓடுவார். பையில் ஒருமுறை சோளம் கிடந்தது. கேட்டதற்கு, லிஃப்ட் குழிக்குள் எலி கொண்டுவந்து போட்டிருக்கும் என்றார். இவளும் நம்பினாள்.

"போன வருஷம் மழை கொட்டுச்சே, அன்னைக்கு விடிஞ்சதுலேர்ந்து இருட்டுற வரைக்கும் மாடியில நின்னார். உங்கம்மா தவறிப்போன நாள் அதுன்னு எனக்கு அப்புறம்தான் தெரியும் அக்கா."

கத்தரிக்கோல் நிற்கவில்லை. துணியின் கடைசி வரை போய்த்தான் நின்றது.

அன்று லிஃப்டில் ஒரு கர்ப்பிணிப் பெண் மாட்டிக்கொண்டாள் என்று போன் வந்தது. மாப்பிள்ளை வரட்டும் என்று சாயங்காலம் வரை அம்மாவை எடுக்காமல் வீட்டில் வைத்திருந்தார்கள். படுக்கையில் கிடந்த நாளெல்லாம் வாசலைப் பார்த்து, "மாப்பிள்ளை வந்தாச்சா?" என்று கேட்டுக்கொண்டிருந்த அம்மா. முணுமுணுத்த அண்ணன்களிடம், "அவர் ரெண்டு உயிரைக் காப்பாத்திக்கிட்டு இருக்கார், வாயை மூடுங்க" என்று இவள்தான் சண்டைக்குப் போனாள். அதோடு விட்டாளா? அந்தப் பெண்ணுக்கு என்ன குழந்தை என்று பிறகு கேட்டாள். பெண் குழந்தை என்றார், கண்ணைக்கூடச் சிமிட்டாமல். அந்தக் குழந்தைக்கு மஞ்சளில் ஒரு கவுன் தைத்து அவரிடமே கொடுத்தனுப்பினாள், பைத்தியக்காரி.

"அடுத்த பந்தயம் எப்போ?" என்று கேட்டாள்.

"வர்ற ஞாயிறு. பெரிய பந்தயம். இதுல ஜெயிக்கணும்னு உங்க வீட்டுக்காரர் உயிரையே வச்சிருக்கார்."

வைக்கட்டும். அம்மா காத்திருந்த மாதிரி அவரையும் காக்க வைக்கவில்லை என்றால் நான் என் அம்மாவுக்குப் பிறந்தவள் இல்லை என்று மனதுக்குள் கறுவிக்கொண்டாள். வாயில் விரல் வைத்தாலும் கடிக்கத் தெரியாதவள் மாதிரி உறைகளைத் தைத்தும் கொடுத்தாள்.

ஞாயிறு காலை வீட்டில் ஒரே தேடல். "என் நீலச் சட்டை எங்க?"

"ஊற வச்சிட்டேன். லிஃப்டுக்கு எந்தச் சட்டையா இருந்தா என்ன?"

பேயறைந்த முகத்தோடு ஒரு வெள்ளைச் சட்டையை மாட்டிக்கொண்டு போனார். மதியம் டெய்லரக்கா கைப்பையோடு பேட்டரிக் கடை மாடிப்படி ஏறினாள்.

புறா வந்திருந்தது! தண்ணீர்த் தொட்டி மேல் உட்கார்ந்து, கீழே நின்ற வெள்ளைச் சட்டையைத் தலை சாய்த்துப் பார்த்துக்கொண்டிருந்தது. அவர் சிலையாக நின்றார். மனைவியைக் கண்டதும் வாய் திறந்தது, மூடியது. அவள் பையிலிருந்து நீலச் சட்டையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு, கவிழ்த்த வாளி மேல் உட்கார்ந்தாள்.

"குடு" என்றார், காற்றைவிட மெல்ல.

"கத்திக் கேளுங்களேன். யார் வேண்டாம்னா?"

பல்லைக் கடித்தார். அவள் தாலாட்டுகிற குரலில் பேசினாள். வாசலைப் பார்த்த அம்மாவைச் சொன்னாள், அண்ணன்களோடு போட்ட சண்டையைச் சொன்னாள், எலி கொண்டுவந்த சோளத்தையும் விடவில்லை. அவர் பையில் போன் விடாமல் அதிர்ந்தது. எடுக்கவும் முடியாமல், அவள் வாயை அடக்கவும் முடியாமல் தவித்தார்.

"அந்தக் கர்ப்பிணிப் பொண்ணு?"

"யாரும் இல்ல."

"அன்னைக்குப் புறா?"

"வரல." குனிந்துகொண்டார். "கடைசி வரைக்கும் வரவே இல்ல."

அப்போதுதான் கூண்டுக்குள் பார்த்தாள். ஒரு மண்சட்டியில் இரண்டு முட்டைகள். அடியில் மெத்தையாக மஞ்சள் துணி. அந்தச் சுருக்கமும் அந்த ஓரத் தையலும் அவள் கை வேலை.

அதுவரை மன்னித்துவிடலாமா என்று ஒரு மூலையில் இருந்த நினைப்பு அதோடு போயிற்று.

எழுந்து நீலச் சட்டையைத் தானே போட்டுக்கொண்டாள். கூண்டருகே இருந்த சோள டப்பாவை மெல்லக் குலுக்கினாள். புறா ஒரே இறக்கமாக இறங்கிக் கூண்டுக்குள் நடந்தது. இரண்டு கையாலும் அள்ளி எடுத்தாள். அதன் நெஞ்சு படபடவென்று அடித்துக்கொண்டது. அதன்மேல் அவளுக்கு ஒரு கோபமும் இல்லை.

அவர் கடிகாரத்தைத் தூக்கிக்கொண்டு ஓடிவந்தார். "வளையத்தைக் கழட்டு, சீக்கிரம்! இப்பப் போட்டாக்கூட முதல் வரிசையில வந்துரலாம்!"

அவள் மறுபடி வாளி மேல் உட்கார்ந்து, புறாவை மடியில் வைத்துச் சட்டையால் மூடினாள்.

"எங்கம்மாவைச் சாயங்காலம் வரைக்கும் வச்சிருந்தோம்" என்றாள். "நீங்களும் இருங்க."

வெயில் உச்சியிலேயே இருந்தது.