மத்தையஸ் டோலன் ஆடாத ஆட்டம்

சம்பளம் வாங்கிக்கொண்டு பேஸ்பால் ஆடலாம் என்று வந்த புதிது அது. நாட்டில் சராசரியாக அதிகம் அடித்தவர்களின் பட்டியலைச் செய்தித்தாள் வாராவாரம் போடும். செப்டம்பர் கடைசிவரை அதில் முதல் பெயர் எங்கள் மத்தையஸ் டோலனுடையது. ஹட்சன் ஆற்றங்கரை வார்ப்பாலையில் உருகிய இரும்பை அச்சுகளில் ஊற்றிக்கொண்டிருந்தவன். குளிர்காலத்தில் அங்கேயே திரும்பிப் போகவேண்டியவனும்கூட. நான் அவனோடு ஒரே குழுவில் ஆடினேன்.

பந்து மேலே வேண்டுமா, கீழே வேண்டுமா என்று அப்போதெல்லாம் அடிப்பவனே கேட்டு வாங்கலாம். டோலன் எப்போதும் கீழேதான் கேட்பான். ஆகஸ்டில் ஒருநாள் "மேல போடு" என்றான். அதற்குப் பிறகு கீழே கேட்கவே இல்லை. கீழே வரும் பந்து கண்ணுக்குத் தெரியவில்லையோ என்று எனக்கு உறுத்திக்கொண்டே இருந்தது. உடை மாற்றும் கொட்டகையில் அவனுடைய இடது பக்கமாக நின்று தண்ணீர்க் குவளையை நீட்டினேன். வாங்கவில்லை. இடது கண்ணோரம் விரலை ஆட்டினேன். இமைகூட அசையவில்லை.

"எப்பலேருந்துடா இது?"

"ஈஸ்டருக்கு முன்னாடி ஆலையில கண்ணுல பொறி தெறிச்சுது. மங்கலாத் தெரிஞ்சுது. இப்ப அதுவும் இல்ல."

"கேப்டன்கிட்ட சொல்லிடு."

"அவர்கிட்ட சொன்னா ஊருக்கே சொன்ன மாதிரி. ஒத்தக்கண்ணன எவன்டா வேலைக்கு வெச்சுப்பான்? வீட்டுக்காரி ஹனோரா வேற ஆறு மாசம் முழுகாம இருக்கா."

கடைசி ஆட்டம். பட்டியலில் மயிரிழை பின்தங்கியிருந்த சைலஸ் கிரேன் எதிர்க்குழுவில் இருந்தான். முந்தின நாள் பயிற்சியில் டோலனின் மட்டையில் ஒரு பந்துகூடப் படவில்லை. காலையில் கேப்டன் விட்கோம்பிடம் போய் நின்றான்.

"இன்னிக்கு என்ன விட்டுருங்க. முதுகு புடிச்சிருக்கு."

விட்கோம்ப் அவனை ஏற இறங்கப் பார்த்தார். "முதுகா, பட்டியலா?"

டோலன் போய்ப் பலகையில் உட்கார்ந்தான். அவனுக்குப் பதிலாக பெட்டிட் இறங்கினான்.

கூட்டம் சும்மா விடுமா? "என்னய்யா டோலன், மொத எடத்த கோழி மாதிரி அடைகாக்குறியா?" என்று ஒருவன் கத்த, மைதானமே கொக்கரித்தது. உண்மையைச் சொல்லிவிடலாமென்று எழுந்தேன். என் மணிக்கட்டைப் பிடித்து உட்காரவைத்தான்.

டோலனால் பார்த்திருக்கவே முடியாத ஒரு பந்தைப் பெட்டிட் ஓடிப் பிடித்ததால் ஒரே ஓட்ட வித்தியாசத்தில் ஜெயித்தோம். கிரேனுக்கு அன்று ஓர் அடியும் விழவில்லை. செய்தித்தாள் டோலன் பெயரை முதலில் போட்டது. கடைசி நாள் அவன் மட்டையையே தொடவில்லை என்று கீழே ஒரு வரியும் சேர்த்தது.

அடுத்த பருவத்துக்கு அவனை யாரும் கூப்பிடவில்லை. வார்ப்பாலையில் இரும்பு ஊற்றும் பக்கம் அவன் போகவில்லை. தன்னால் இன்னொருவன் வெந்துவிடக்கூடாது என்று, கூலி குறைந்த மணல் அச்சு வேலையைக் கேட்டு வாங்கிக்கொண்டான். கிரேன் ஒருமுறை மதுக்கடையில் எல்லோர் முன்னாலும் சொன்னான்: "நீ எறங்கியிருந்தா ஒன்னத் தாண்டியிருப்பேன்."

"தாண்டியிருப்ப," என்றான் டோலன்.

பதினோரு வருடம் கழித்து நெஞ்சுச்சளியில் போய்ச்சேர்ந்தான். ஹனோராவிடம் கேட்டுக்கொண்டு கிரேனுக்கு எல்லாவற்றையும் எழுதினேன். பதில் கடிதம் வரவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை ஆளே வந்து, தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு அவள் வாசலில் நின்றான். ஹனோரா தேநீரும் சோடா ரொட்டியும் வைத்தாள். ஆற்றில் பனிக்கட்டி உடைவதைப் பற்றி, மகளின் படிப்பைப் பற்றிக் கேட்டான். ஆட்டத்தைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. கிளம்பும்போது டோலனின் கல்லறை எங்கே என்று கேட்டான். மகள் வழிகாட்டிக்கொண்டு போனாள்.