புஸ்ஸு என்று ஒரு கார்

பிரபாகர் அண்ணனிடம் நான் முதன்முதலில் பேசப் போனது சண்டை போடுவதற்காக. சண்டை என்னுடையது இல்லை, எங்கள் வீட்டு ஓனர் சரஸ்வதி அக்காவுடையது. பக்கத்து வீட்டுக்குப் புதிதாகக் குடிவந்தவர் காலையில் காரைக் கிளப்பினால் அக்காவின் அலமாரியில் டம்ளர்கள் நடுங்கின. "நீ நாலு வார்த்தை இங்கிலீசுல பேசுனீன்னா அடங்கிருவாரு, போ கண்ணு" என்று என்னை அனுப்பிவிட்டார்.

அவர் பேனட்டைத் திறந்துவைத்துக்கொண்டு குனிந்திருந்தார். என்ஜின் ஓடிக்கொண்டிருந்தது.

"அண்ணா, கொஞ்சம் சத்தம்..." என்றேன்.

"என்னங்க?"

"இல்ல, சத்தம்..."

"சத்தமாச் சொல்லுங்க அம்மணி, கேக்கல!"

"சத்தம் ஜாஸ்தியா இருக்குன்னு சொல்றாங்க."

என்ஜினை நிறுத்தினார். "சத்தத்தப் பத்திச் சொல்ல வந்தவங்க யாரும் இவ்வளவு மெதுவாச் சொன்னதில்லீங்க. யாரு, சரஸ்வதி அக்காங்களா?"

தலையசைத்தேன்.

"என்ன சொன்னாங்க? அப்படியே சொல்லுங்க, நான் கோவிச்சுக்க மாட்டேன்."

"பொண்ணப் பெத்தவன் காலேஜுப் பையனாட்டம் ரேஸு உடறான்னு."

அவர் சிரித்தார். காருக்குள்ளிருந்தும் ஒரு சிரிப்பு கேட்டது. முன் சீட்டில் ஒரு சின்னப் பெண். "அப்பா, புஸ்ஸு! இன்னொருக்கா!"

"இரு சாமி, அக்கா பேசிட்டிருக்காங்கல்ல?" என்றவர் என் பக்கம் திரும்பினார். "சைலன்சர மாத்தியிருக்கனுங்க, அதான் சத்தம். இனிமே எறக்கத்துல உருட்டிட்டுப் போயி மெயின் ரோட்டுல கெளப்பிக்கறேன். அக்காகிட்டச் சொல்லிருங்க."

அதோடு வந்திருக்கலாம். "எதுக்குங்கண்ணா இவ்வளவு வேகம்?" என்று கேட்டுவிட்டேன்.

அவர் அந்தப் பெண்ணைப் பார்த்தார். "பஸ்ஸத் தாண்டறதுக்குங்க" என்றார்.

அந்தப் பதில் எனக்குப் புரியச் சில வாரங்கள் ஆயின. பிரபாகர் சேலத்துக்காரர். அங்கே ஒரு ஓட்டலில் நல்ல வேலையில் இருந்தவர், மகள் கவிப்பிரியாவுக்காக அதை விட்டுவிட்டு, இங்கே ஏற்காட்டு மலையில் ஒண்டிக்கடைப் பக்கம் ஒரு லாட்ஜில் சேர்ந்திருந்தார். கவிக்கு வலிப்பு. உடம்பு சூடேறினால் வருகிற வலிப்பு. அதற்குக் காய்ச்சல்கூட வேண்டாம், சேலத்து வெயிலே போதும். குளிர்ச்சியான ஊரில் வைத்திருங்கள் என்று டாக்டர் சொன்னார். ஏற்காட்டுக்கு வந்ததும் வலிப்பு குறைந்தது. ஆனால் வந்துவிட்டால், மூக்கில் அடிக்கிற மருந்துக்கும் அடங்காவிட்டால், சேலத்துக்குத்தான் ஓட வேண்டும். பிள்ளையைக் காப்பாற்றிய மலையே அவளை ஆஸ்பத்திரிக்குத் தூரமாகவும் வைத்திருந்தது.

எங்கள் பக்கத்து வீட்டுக்குக் குடிவருவதற்கு முன்பே, மலைக்கு வந்த முதல் வருஷமே ஒரு தடவை அப்படி ஆனது. ஆம்புலன்ஸ் ஒரு விபத்துக்குப் போயிருந்தது. லாட்ஜ் ஜீப்பில் பிள்ளையைப் போட்டுக்கொண்டு இறங்கினார். முன்னால் ஒரு பஸ். அதைத் தாண்ட ஜீப்புக்கு இழுவை இல்லை. அடிவாரம் வரைக்கும் பஸ்ஸின் முதுகில் இருந்த ஜவுளிக்கடை விளம்பரத்தையே பார்த்துக்கொண்டு போனாராம். "பட்டுப்பாவாடை கட்டிட்டு ஒரு புள்ள சிரிக்குதுங்க. எம்புள்ள பின்னாடி வெட்டிவெட்டி இழுக்குது" என்றார்.

அதற்குப் பிறகுதான் இந்தக் காரை வாங்கினார். பெங்களூர்க்காரர் ஒருவர் ஓட்டிச் சலித்து விற்றது. பார்த்தால் நாலு கதவு வைத்த குடும்பக் கார்தான், ஆனால் உள்ளே டர்போ. என்ஜின் வெளியே விடுகிற புகையின் வேகத்தில் ஒரு சின்ன விசிறி சுற்றும், அது என்ஜினுக்குள் காற்றைத் திணிக்கும், வண்டி பாயும். ஆக்சிலேட்டரிலிருந்து காலை எடுத்தால் மிஞ்சிய காற்று புஸ்ஸென்று வெளியேறும். கவி அந்தச் சத்தத்துக்காகவே காரில் ஏறுவாள். காருக்கு அதையே பெயராக வைத்தவளும் அவள்தான்.

சேலத்தில் சின்னையன் என்று அவருக்கு ஒரு நண்பர், மெக்கானிக். அவர் லேப்டாப்பைக் காரில் மாட்டி, கார் கம்ப்யூட்டருக்குள் இருந்த கணக்குகளை மாற்றிக் காற்றையும் பெட்ரோலையும் கூட்டினார். சைலன்சர் மாறியது. பிரேக் மாறியது, டயர் மாறியது. வளைவில் வண்டி சாயக் கூடாது என்று ஸ்பிரிங்கை இறுக்கினார்கள். அந்தக் காரில்தான் லாட்ஜுக்கு முட்டையும் காய்கறியும் வரும். ஸ்பிரிங் மாற்றிய வாரம் சரஸ்வதி அக்கா காம்பவுண்டுச் சுவர்மேல் கையை ஊன்றிக்கொண்டு, "ஏனுங்க பிரபாகர், ஆம்லெட்டு வழியிலயே ஆயிருச்சுங்களா?" என்று கேட்டார்.

மனைவி சௌமியா சேலத்தில் ஒரு கடையில் கணக்கு எழுதுபவர். வார நாட்களில் அம்மா வீட்டில் தங்கிவிட்டுச் சனிக்கிழமை மேலே வருவார். சுவருக்கு அந்தப் பக்கம் அவர்கள் பேசுவது எனக்குக் கேட்கும்.

"எறங்கற வழிக்கு எதுக்குங்க இத்தன பவரு? எறக்கத்துல குண்டுமணி உட்டாக்கூட உருளும்."

"பஸ்ஸுக்கும் அடுத்த பென்டுக்கும் நடுவுல ஒரு மூச்சு விடற எடந்தான் இருக்கும். அந்த மூச்சுக்குள்ள தாண்டோணும்."

"எல்லாத்துக்கும் ஒரு பதில் வெச்சிருக்கறீங்க."

"நீ ஜீப்புல வரல சௌமி."



போன கோடையில் சின்னையன் இன்னொன்று செய்தார். டர்போ திணிக்கிற காற்று சூடாகிவிடும். சூடான காற்றில் வேகம் வராது. அதைக் குளிரவைக்க இன்டர்கூலர் என்று ஒரு தட்டு உண்டு. பழையதை எடுத்துவிட்டு, அகலமான ஒன்றைக் காரின் மூக்கிலேயே, எல்லாவற்றுக்கும் முன்னால் பொருத்தினார்கள். காலியான மலை ரோட்டில் ஓட்டிப் பார்த்துவிட்டு பிரபாகர் பூரித்துப்போய் வந்தார். "புஸ்ஸுக்கு ஜலதோசமே புடிக்கற அளவுக்குக் குளுகுளுன்னு காத்துங்க" என்றார். மகளைக் குளிர வைத்திருப்பதும் என்ஜினைக் குளிர வைத்திருப்பதும் அவருக்கு ஒரே வேலையாகியிருந்தன.

அந்த மே மாதம் கவியைச் சேலத்து டாக்டரிடம் காட்டிவிட்டுத் திரும்பினார்கள். கோடை விழா சமயம். அடிவாரத்திலேயே வண்டிகள் நெருக்கிக்கொண்டு நின்றன. பின்சீட்டில் சௌமியா மடியில் கவி. ஏசி ஓடிக்கொண்டிருந்தது. ஏற்றத்தில் வண்டி ஊர்ந்தது, நின்றது, மறுபடி ஊர்ந்தது. ஓடுகிற காருக்குத்தான் முன்பக்கத்துக் காற்று கிடைக்கும். நிற்கிற காரில் அந்த அகலமான தட்டு, தனக்குப் பின்னால் இருந்த ரேடியேட்டரையும் ஏசியையும் மூடிக்கொண்டு நின்றது. என்ஜின் சூடேறியது. சூடேறினால் என்ஜினைக் காப்பாற்ற ஏசியை நிறுத்திவிடு என்று கம்ப்யூட்டருக்கு ஏற்கெனவே சொல்லிவைத்திருக்கிறது. அது சொன்னபடி செய்தது.

"ஏனுங்க, ஏசி அனலா வருது" என்றார் சௌமியா.

பிரபாகர் பொத்தானை அழுத்திப் பார்த்தார். மறுபடி அழுத்தினார். கண்ணாடியை இறக்கினார். முன்னால் நின்ற டூரிஸ்ட் பஸ்ஸின் புகை உள்ளே வந்தது. சௌமியா ஈரத்துணியைப் பிள்ளையின் நெற்றியில் வைக்கும்போதே கண் மேலே போய்விட்டது.

மருந்துக்கு அடங்கவில்லை. எந்தக் காரும் தாண்ட முடியாத கார் அது. ஒரு பஸ்ஸுக்கும் ஒரு வேனுக்கும் நடுவில் நின்றது. அவர் இறங்கிக் கத்தினார். பஸ் டிரைவரும் வேன் டிரைவரும் முன்னும் பின்னும் நகர்த்தி, ஆட்களை இறக்கி, எப்படியோ திருப்பிக்கொள்ள இடம் கொடுத்தார்கள். இறங்கும் பக்கம் காலியாகக் கிடந்தது.

அதன்பின் நடந்ததைச் சௌமியாதான் சொன்னார். பிரபாகர் அவ்வளவு வேகமாக ஓட்டி அவர் பார்த்ததில்லை. இறுக்கிய ஸ்பிரிங்கில் ஒவ்வொரு வளைவும் பின்சீட்டில் இருவரையும் தூக்கி எறிந்தது. துடிக்கிற பிள்ளையை ஒருக்களித்துப் பிடிக்க இரண்டு கை போதவில்லை. மெதுவா, மெதுவா என்று சௌமியா கத்தியிருக்கிறார். சைலன்சர் சத்தத்தில் பிரபாகருக்குக் கேட்கவில்லை. ஒரு வளைவில் கவியின் தலை கதவில் மோதியது.

கவி பிழைத்துக்கொண்டாள். பல நாட்கள் கழித்துக் குளிர் ஏறிய ஒரு மாலையில், ஆம்புலன்ஸில் அவளை மேலே கொண்டுவந்தார்கள். பேச்சு போயிருந்தது. என்னை அக்கா என்றவள், சரஸ்வதி அக்காவை "சச்சக்கா" என்றவள், ஆட்களை வெறுமனே பார்த்தாள். வெகுநேரம் நீடித்த வலிப்பாலா, கதவில் மோதியதாலா என்று பிரபாகர் டாக்டரிடம் கேட்டுக்கொண்டே இருந்தார். பிரித்துச் சொல்ல முடியாது என்றுதான் பதில் வந்தது. இரண்டுக்கும் காரணம் தான்தான் என்று அவரே பிரிக்காமல் வைத்துக்கொண்டார்.

லாட்ஜுக்கு விடுப்புச் சொல்லிவிட்டுக் காரை அவிழ்க்க ஆரம்பித்தார். சின்னையன் சேலத்திலிருந்து வந்தார். "மாப்ள, இன்டர்கூலர மட்டும் எடுத்தாப் போதும்டா, மத்ததெல்லாம் இருக்கட்டும்" என்றார். பிரபாகர் கேட்கவில்லை. பழைய ஸ்பிரிங், பழைய சைலன்சர், பழைய கணக்கு எல்லாம் திரும்பின. கார் சாதுவாகிவிட்டது. சரஸ்வதி அக்காவின் டம்ளர்கள் நடுங்குவது நின்றுவிட்டது.

ஒரு நாள் மதியம் பிரபாகர் கவியை முன் சீட்டில் உட்காரவைத்து, வாசலிலேயே என்ஜினைக் கிளப்பி, ஆக்சிலேட்டரை மிதித்து மிதித்து விட்டுக்கொண்டிருந்தார். புஸ்ஸென்ற சத்தம் வரவில்லை. பழையபடி மாற்றிய காரில், அதுவும் நிற்கும்போது, அது அவ்வளவு லேசாகத்தான் இருக்கும், காதை வைத்துக் கேட்டாலும் கிடைக்காது. பிள்ளை ஜன்னல் வழியே கிச்சிலிமரத்தின் ஆரஞ்சுப் பழங்களைப் பார்த்துக்கொண்டிருந்தது. அவர் தன் வாயாலேயே "புஸ்ஸ்... புஸ்ஸ்..." என்றார். நான் உள்ளே வந்து கதவைச் சாத்திக்கொண்டேன்.

அடுத்த வாரம் எங்கள் வாசலுக்கு வந்தார். நான் வீட்டிலிருந்தே மொழிபெயர்ப்பு வேலை செய்கிறவள், பகலில் எப்போதும் இருப்பேன் என்று அவருக்குத் தெரியும். உட்காரச் சொன்னேன், நின்றுகொண்டே பேசினார்.

"சௌமியா சனி, ஞாயிறுதான் இருக்கறா. மத்த நாள்ல வந்துருச்சுன்னா நானும் புள்ளையும் மட்டுந்தான். ஓட்டறதா, புடிக்கறதா? ஆம்புலன்ஸ் கெடைச்சா அதுலதான் போவேன். கெடைக்கலன்னா..." நிறுத்தினார். "நீங்க பின்னாடி உக்காந்துக்குவீங்களா அம்மணி? ஒருக்களிச்சுப் படுக்க வெச்சு, தலைய மடியில வெச்சுக்கிட்டாப் போதும். எப்படின்னு காட்டித் தாரேன்."

நான் ஏதோ சொல்ல வாயெடுத்தேன். அவர் கையமர்த்தினார்.

"இன்னொண்ணும் இருக்குதுங்க. வண்டியப் பழையபடி மாத்திட்டேன். காலு மட்டும் என்னுது, அத எந்த லேப்டாப்புலயும் மாத்த முடியாது. பஸ்ஸக் கண்டா அது தன்னால மிதிக்கும். அப்ப நீங்க 'மெதுவா'ன்னு சொல்லோணும். நீங்க பேசறமாதிரி இல்லீங்க. அன்னைக்கு வந்து சத்தத்தப் பத்திச் சொன்னீங்களே, அந்த மாதிரி இல்ல. எங்காதுல உழுகறமாதிரி, கத்தோணும். எனக்காக ஒருக்கா இப்பக் கத்திக் காட்டுங்க."