செல்வமும் இரண்டாம் பாகமும்

இன்று காமிக்ஸ் விழாக் கூட்டத்தில் நிற்கும்போது செல்வத்தின் ஞாபகம் வந்தது.

எண்பதுகளில் எங்கள் திருவனந்தபுரத்தில் இப்படி விழா ஏது! சாலைக் கடைத்தெருவில் ஒரு பழைய புத்தகக் கடை இருந்தது. நான் மாதக்கணக்கில் தேடிய தமிழ்த் துப்பறியும் காமிக்ஸின் இரண்டாம் பாகத்தை, ஒருநாள் அங்கே எனக்கு முன்பே ஒருவர் எடுத்துவிட்டார். ஓட்டலில் வேலை பார்க்கும் நாகர்கோவில்காரர், பெயர் செல்வம்.

"மொதல் பாகம் எங்கிட்ட இருக்கு. படிச்சுட்டு மாத்திக்கலாமா?" என்றேன்.

"செரி சாரே. அடுத்த ஞாயித்துக்கிழமை இங்கயே வாறேன்."

சொன்னபடி வந்தார். புத்தகத்தை நீட்டும்போதே, "டாக்டர்தான் கொலைகாரன் சாரே!" என்றார்.

எனக்கு அழுகையே வந்துவிட்டது. "ஏன் சொன்னேள்?"

அவர் முகம் வாடிப்போனது. "ஒரு வாரமா மனசுல அடக்கி வச்சிருந்தேன். ஓட்டல்ல எல்லாரும் மலையாளத்துக்காரங்க, ஒருத்தரும் இதெல்லாம் வாசிக்கமாட்டாங்க. இந்த ஊர்ல வேற யாருகிட்ட சொல்ல?"

அதற்கு மேல் கோபப்பட முடியவில்லை. பக்கத்து டீக்கடையில் உட்கார்ந்து, டாக்டர் ஏன் கொன்றார் என்று இருட்டும்வரை பேசினோம்.

கதையின் முடிவைச் சொல்லிவிட்டவர்களில் நான் மன்னித்தது அவர் ஒருவரைத்தான். நீங்கள் யாரையாவது மன்னித்திருக்கிறீர்களா?