கடைசிப் பந்தியின் சாம்பார்

என் கையெழுத்து கோழி கிளறிய மண் மாதிரி இருக்கும். தோட்டத்துப் பள்ளியில் ஆறாம் வகுப்போடு நின்றுவிட்டவன் நான். எங்கே சின்ன ர, எங்கே பெரிய ற என்று இன்னமும் தடுமாறுவேன். படிப்பவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும். எழுத்துப் பிழைகளைத் திருத்திக்கொள்ளுங்கள். சாப்பாட்டைப் பற்றி நான் சொல்வதை மட்டும் திருத்தாதீர்கள், அதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

பிடித்த சாப்பாடு எது என்று யாராவது கேட்டால் பண்டத்தின் பெயர் எனக்கு வாயில் வராது. ஒரு நேரம்தான் நினைவுக்கு வரும். கல்யாணத்திலோ கோயில் திருவிழாவிலோ எல்லாரும் சாப்பிட்டுக் கிளம்பிய பிறகு, பரிமாறியவர்கள் மட்டும் உட்காரும் கடைசிப் பந்தி. மணி மூன்றை நெருங்கியிருக்கும். மண்டபத்தின் பின்னால், தகரக் கூரைக்குக் கீழே, சிமெண்டுத் தரையில் பழைய பேப்பர் விரித்து அதன்மேல் இலை போடுவோம். கூரைக்கு அப்பால் சுண்ணாம்புக்கல் மலை, பாதி உயரத்தில் மேகம் தங்கியிருக்கும்.

அந்த நேரத்துச் சாம்பாரைப் போல ஒன்று உலகத்தில் இல்லை. காலையில் அது தண்ணீர், பருப்பு, காய் என்று தனித்தனியாக இருந்திருக்கும். மூன்று மணிக்கு அண்டாவின் அடியில் முருங்கைக்காய் உடைந்து, கத்தரிக்காய் உருத் தெரியாமல் கரைந்து, புளி அடங்கி, எல்லாம் ஒன்றாகிப் போயிருக்கும். கரண்டியால் எடுத்தால் விழாது, தட்டித்தான் போட வேண்டும். அப்பளம் நமத்துப்போய்த் துணி மாதிரி மடங்கும். எனக்கு அதுதான் பிடிக்கும். மொறுமொறு அப்பளத்தை மெல்லும்போது எழும் சத்தத்தில் எல்லாரும் என்னைத் திரும்பிப் பார்ப்பது போலத் தோன்றும். பாயாசத்தின் மேல் படிந்த ஏட்டை விரலால் சுருட்டி வாயில் போட்டுக்கொண்டு மலையைப் பார்த்தபடி இருப்பேன். பக்கத்தில் இருப்பவனும் பேசமாட்டான். காலையிலிருந்து வாளி தூக்கிய தோள் மெதுவாகக் கீழே இறங்கும். சோறு தொண்டையில் இறங்குவது தெரியும். தூக்கத்துக்கும் விழிப்புக்கும் நடுவில் சாப்பிடுவது போல இருக்கும்.

நான் பரிமாறப் போனதே கூச்சத்தால்தான். சுங்கை சிப்புட் பக்கம் நாங்கள் இருந்த ரப்பர் தோட்டத்துக் கோயிலில், திருவிழா நாளில் யார் யாரோ வந்து கன்னத்தைக் கிள்ளிப் பேசுவார்கள். எனக்கு வாய் ஒட்டிக்கொள்ளும். ஒருநாள் ஒரு ரச வாளியைத் தூக்கினேன். அன்றைக்கு ஒருவரும் என்னிடம் ஒன்றும் கேட்கவில்லை. வேண்டுமா வேண்டாமா என்பதை இலைக்குமேல் குறுக்கே நீட்டிய கையே சொல்லிவிட்டது. அதன்பிறகு வாளியை நான் விடவில்லை. தோட்டத்தை அழித்து வீடுகள் கட்டிய பிறகு ஈப்போவுக்கு வந்தோம். சிம்பாங் பூலாயில் ஒரு கல்தூள் ஆலையில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுகிறேன். ஞாயிற்றுக்கிழமை எங்கே கல்யாணம் என்றாலும் பழைய கூட்டாளிகள் கூப்பிடுவார்கள், போய்விடுவேன்.

வீட்டிலும் எல்லாரும் சாப்பிட்ட பிறகுதான் நான் உட்காருவேன். என் மனைவி ஆரம்பத்தில் சண்டை போட்டாள். "ஆறிப்போன சோத்த திங்கத்தான் என்னைக் கட்டுனீங்களா?" என்று கேட்பாள். பிறகு மூடிவைத்துவிட்டு டிவி பார்க்கப் போய்விடுவாள்.

மகளுக்குக் கல்யாணம் முடிவானது. மாப்பிள்ளை வீட்டார் சுங்காய் ஊர்க்காரர்கள். சம்பந்தி எண்ணெய் ஆலைக்குச் செம்பனைக் குலை ஏற்றும் லோரி ஓட்டுகிறவர், அதிகம் பேசமாட்டார். அந்த வீட்டில் பேச்செல்லாம் அவருடைய அக்காதான். தம்பியை வளர்த்து ஆளாக்கியவர். அவர் சொன்னால் அந்த வீட்டில் மறுபேச்சு இல்லை. மூத்த மருமகளின் அப்பா எப்போதோ ஒரு பந்தியில் மரியாதைக் குறைவாக நடந்துகொண்டாராம். அன்றிலிருந்து அக்கா அவர் வீட்டு வாசலை மிதிக்கவில்லை. அந்த மருமகள் தீபாவளிக்குக் கூடத் தாய்வீட்டுக்குத் தனியாகத்தான் போய் வருகிறாளாம். என் மனைவி இதை எனக்கு மூன்று தடவை சொன்னாள்.

"தாலி கட்டுனதும் சம்பந்திப் பந்தி. நீங்களும் அவரும் பக்கத்துல பக்கத்துல. வீடியோ எடுப்பாங்க. இலைல வெச்சத சாப்பிட்டு எழுந்திரிச்சா போதும்லா. ஒரு நாளு. புள்ளைக்காக."

சரி என்றேன். ஒரு வாரம் அதை நினைத்தே எனக்குச் சோறு இறங்கவில்லை.

கல்யாணம் நன்றாக நடந்தது. மகள் தலை நிமிர்ந்தபோது நெற்றியில் அட்சதை ஒட்டியிருந்தது. அது நன்றாக நினைவிருக்கிறது. பிறகு நீள மேசையில் உட்காரவைத்தார்கள். என் வலப்பக்கம் சம்பந்தி, அவருக்கு அந்தப்பக்கம் அக்கா. எதிரே வரிசை வரிசையாகச் சனம். இலையில் சோறு, சோயாவில் செய்த சைவ ஆட்டிறைச்சி வறுவல், கூட்டு, அப்பளம், ஆவி பறக்கும் சாம்பார். பிளாஸ்டிக் கிளாசில் ரோஸ் நிறச் சிராப் தண்ணீர். வீடியோக்காரர் விளக்கை என் முகத்துக்கு நேராகப் பிடித்தார்.

ஒரு கவளம் எடுத்தேன். வாயில் போட்டேன். அது அங்கேயே இருந்தது. ஆற்றில் தலையை முக்கினால் கேட்பது போலச் சத்தமெல்லாம் தூரத்தில் கேட்டது. விளக்கு வெள்ளையாக, பெரிதாக, ஒரு மலை மாதிரி நின்றது. அந்த நேரத்தில்தான் மூன்றாவது வரிசையில் காலி வாளியின் அடியில் கரண்டி உரசும் சத்தம் கேட்டது. ரசம் தீர்ந்துவிட்டது. அந்தச் சத்தம் மட்டும் என் காதுக்குத் தெளிவாக வந்தது.

"ரசம் எடுத்துட்டு வாரேன்," என்றேன். யாரிடம் சொன்னேன் என்று எனக்கே தெரியாது. கால் தானாக எழுந்துவிட்டது. பட்டு வேட்டிமேல் துண்டைக் கட்டிக்கொண்டு, பின்னால் போய் வாளியை நிரப்பிக்கொண்டு, பக்கவாட்டு வாசல் வழியாக வந்து மூன்றாவது வரிசையில் ஊற்ற ஆரம்பித்தேன். மூச்சு வந்தது. பெண்ணைப் பெற்றவன் விருந்தாளிக்குப் பரிமாறுகிறான், இதில் என்ன குறை என்றுகூட நினைத்தேன். பந்தியில் பாதி இலையில் எழுந்திருக்கக் கூடாது, எழுந்தால் பக்கத்தில் இருப்பவரை அவமதித்ததாகும் என்று எத்தனையோ பேருக்குச் சொன்னவன் நான். அன்றைக்கு அது என் தலையில் ஏறவே இல்லை.

வாளியோடு பின்னால் திரும்பியபோது மனைவி வந்து நின்றாள். முகம் வெளுத்திருந்தது.

"என்னா மனுசன் நீங்க! அங்க சம்பந்தி சோத்துல கைய வெச்சிட்டு அப்படியே உக்காந்திருக்காரு. அவுங்க அக்கா என்னா கேட்டாங்க தெரியுமா? 'எங்க பக்கத்துல உக்காந்து சாப்புடப் புடிக்காதவரு பொண்ண மட்டும் ஏன் குடுத்தாரு'ன்னு எல்லாரும் கேக்க கேக்குறாங்க. புள்ள அழுவுது."

வாசல் ஓரமாக எட்டிப் பார்த்தேன். என் இலை திறந்தபடி கிடந்தது, ஒரு கவளம் எடுத்த குழியோடு. மகள் மாலையைப் பிடித்துக்கொண்டு குனிந்திருந்தாள். நான் போய் உட்கார்ந்தால் போதும், பத்தடி தூரம்தான். போக முடியவில்லை. எத்தனை நேரம் அப்படி நின்றேன் என்று தெரியாது. பந்தி எழுந்தது. நாற்காலிகள் நகர்ந்தன. நான் பின்னால் போய் அண்டா பக்கத்தில் உட்கார்ந்துவிட்டேன். கூட்டாளிகள் பேப்பரை விரித்து இலை போட்டார்கள். எனக்கும் ஒன்று போட்டார்கள்.

அப்போது சம்பந்தி வந்தார். கையைக் கழுவியிருந்தார், சட்டையில் ஈரம். நான் எழுந்து நின்றேன்.

"நான் என்னா தப்பு செஞ்சேன், சொல்லுங்க சம்பந்தி," என்றார். கோபமாகக் கேட்கவில்லை. அதுதான் எனக்குத் தாங்க முடியவில்லை.

"உங்க மேல ஒன்னும் இல்ல. எனக்கு… எல்லாரும் பாக்க சாப்புட வராது." இதைச் சொல்வதற்குள் எனக்கு வேர்த்துவிட்டது. என் வயதில் ஒருவன் இன்னொரு ஆணிடம் சொல்லக்கூடிய காரணமா இது?

பள்ளி வேன் ஓட்டும் அண்ணன் ஒருவர் எங்களுக்கெல்லாம் மூத்தவர். அவர் அண்டாவைச் சாய்த்துக்கொண்டே சொன்னார், "அவரு எப்பவும் இப்படித்தான்லா. இருவது வருசமா பாக்குறோம். அடிச்சட்டிய வழிச்சாத்தான் இவருக்குச் சோறு எறங்கும். ராஜா வந்து விருந்து வெச்சாலும் கொல்லைப்பக்கம்தான் ஓடுவாரு."

கூட்டாளிகள் சிரித்தார்கள். சம்பந்தி சிரிக்கவில்லை. தரையில் போட்டிருந்த இலைகளைப் பார்த்தார். பிறகு வேட்டியை மடித்துக்கட்டி என் இலைக்குப் பக்கத்தில் உட்கார்ந்தார்.

"அங்க எனக்கும் எறங்கல சம்பந்தி. அந்த லைட்டு கண்ணக் கூசுது. நான் லோரிலயே சாப்புட்டுப் பழகுனவன்."

வேன் அண்ணன் இரண்டு இலையிலும் சாம்பாரைத் தட்டிப் போட்டார். பேசாமல் பிசைந்தோம். அவரும் அப்பளத்தைச் சோற்றோடு சேர்த்து மடித்துச் சாப்பிடுவதைப் பார்த்தேன். வெளியே தூறல் போட்டது.

அக்கா அங்கேயும் வந்துவிட்டார். வாசலில் இடுப்பில் கைவைத்து நின்றார்.

"தம்பி, மாப்பிள்ளையோட அப்பன் தரையில உக்காந்திருக்கிற. ஊரு என்னா பேசும்?"

"ஊரு சாப்பிட்டுப் போயிருச்சுக்கா. நீ ஒரு இலை எடுத்துக்க."

"எனக்கு முட்டி வலி, தரையில உக்கார முடியாது." அவர் அண்டாவுக்குள் எட்டிப் பார்த்தார். நான் மெல்லுவதை நிறுத்திவிட்டேன். "அது என்னா, அடியில கெட்டியா? கத்தரிக்காயா?"

"எல்லாந்தான்க்கா," என்றார் வேன் அண்ணன்.

"கொஞ்சம் தாப்பாவ் பண்ணிக் குடுங்க. ராத்திரிக்கு ஆவும்." பிறகு என்னைப் பார்த்தார். "இப்படின்னு முன்னாடியே ஒரு வார்த்த சொல்லியிருந்தா என்னா சம்பந்தி? வாய் இல்லையா? நான் அங்க கண்டபடி பேசிட்டேன். பாவம், புள்ள அழுதுருச்சு."

எழுந்து அவருக்கான சாம்பாரை நானே பொட்டலம் கட்டினேன். ரப்பர் வளையத்தை இரண்டு சுற்றுச் சுற்றிக் கொடுத்தேன். வாங்கிக்கொண்டு, மகள் இருந்த பக்கம் போனார். நான் மறுபடி சம்பந்தி பக்கத்தில் உட்கார்ந்தேன். கொஞ்ச நேரத்தில் மகள் மாலையோடு பின்பக்கம் வந்தாள். கண் மை கலைந்திருந்தது. நாங்கள் இரண்டு பேரும் வாயில் சோற்றோடு நிமிர்ந்து பார்த்தோம். அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

முதல் தீபாவளிக்கு மகள் தனியாக வரவில்லை. அக்கா முன்சீட்டில் உட்கார்ந்து வந்தார். மேசையில் சூடாக எல்லாரும் சாப்பிட்டார்கள், அக்காதான் ஆட்டுக்கறிக்கு உப்புப் பற்றாது என்று சொல்லிக்கொண்டே இரண்டு தடவை போட்டுக்கொண்டார். சம்பந்தி ஏதோ பசியில்லை என்றார். என் மனைவி சட்டிகளை மூடிவைத்தாள். மூன்று மணிக்கு அடுப்படியில் பேப்பரை விரித்து நானும் சம்பந்தியும் உட்கார்ந்தோம். கறி ஆறி, எண்ணெய் ஓரத்தில் ஒதுங்கியிருந்தது. கூடத்தில் மகளின் சிரிப்பும் அக்காவின் குரலும் கேட்டுக்கொண்டே இருந்தன. எவ்வளவு நேரம் சாப்பிட்டோம் என்று தெரியாது.

எழுத வேண்டும் என்று நினைத்து ரொம்ப நாளாகிவிட்டது. எழுதி முடித்தது செப்டம்பர் மாதம் பதினைந்தாம் தேதி, ஞாயிற்றுக்கிழமை.