இது தனியார் இடம்

டெல்மோர் காவல்துறையில் இருபத்து மூன்று ஆண்டுகளாக இருக்கும் சார்ஜென்ட் லோர்னா ஹூடெக் அதிகம் சொன்ன வாக்கியம் எது என்று கேட்டால், ஊரில் பாதிப் பேர் அவள் குரலிலேயே சொல்லிக் காட்டுவார்கள். "இது தனியார் இடம்ங்க. நான் ஒண்ணும் பண்ண முடியாது."

மளிகைக் கடை வாசலில் ஒருவர் வண்டியைப் பின்னால் எடுத்து இன்னொருவர் கதவை நசுக்கியிருப்பார். இருவரும் குளிரில் கைகளைக் கக்கத்தில் செருகிக்கொண்டு முறைத்தபடி நிற்பார்கள். லோர்னா வருவாள். ஆளுக்கொரு தாளைக் கொடுத்துக் காப்பீட்டு விவரத்தை எழுதி மாற்றிக்கொள்ளச் சொல்வாள். பிறகு அந்த வாக்கியம். ஏழே நிமிடத்தில் கிளம்பிவிடுவாள்.

அதில் பொய் இல்லை. அமெரிக்காவின் இல்லினாய் மாநிலத்தில் சட்டம் அப்படித்தான். கடைக்காரர் தன் நிலத்தில் நட்டு வைத்த 'நில்' பலகை அவருடைய விருப்பம், அவ்வளவுதான். அதை மதிக்காமல் ஓட்டுகிறவருக்குப் போலீஸ் அபராதச் சீட்டு எழுத முடியாது. மாற்றுத்திறனாளிகளின் இடத்தில் நிறுத்தினாலோ, தீயணைப்பு வண்டியின் வழியை மறித்தாலோ, குடித்துவிட்டு ஓட்டினாலோதான் அங்கே போலீசுக்கு வேலை. ஆனால் ஒரு வழி உண்டு. என் இடத்தில் உங்கள் போலீஸ் போக்குவரத்து விதிகளை அமல்படுத்தலாம் என்று நிலத்தின் சொந்தக்காரர் கையெழுத்துப் போட்டுக் கொடுக்க வேண்டும். அந்தக் கடிதம் நகராட்சி எழுத்தரிடம் பதிவானால், அன்றிலிருந்து அந்தப் பலகைக்கும் தெருமுனைப் பலகைக்கும் வித்தியாசம் கிடையாது.

ஊரிலேயே பெரிய நிறுத்துமிடம் கத்தார் கடை வளாகத்தினுடையது. முந்நூறு வண்டிகள் நிற்கும். சொந்தக்காரர் நசீப் கத்தாருக்கு எழுபத்தெட்டு வயது. பத்தொன்பது வயதில் லெபனானிலிருந்து வந்தவர். வளாகம் முழுவதும் அவருடையதாக இருந்தும், மூலையிலிருக்கும் ரொட்டிக் கடையில் தினமும் மாவோடு நிற்பார். போன அக்டோபரில் காவல்துறைத் தலைவர் சொல்லி லோர்னா அவரிடம் படிவத்தை எடுத்துப் போனாள். நசீப் கண்ணாடியைத் தேடி எடுத்து, இரண்டு பக்கத்தையும் படித்து, ரொட்டி மேசையிலேயே வைத்துக் கையெழுத்துப் போட்டார். கீரை வைத்த ரொட்டி நான்கைப் பொட்டலம் கட்டிக் கொடுத்து அனுப்பினார்.

அந்தக் கடிதத்தை லோர்னா பதியவில்லை.

தொலைக்கவுமில்லை. வண்டியில் எழுது அட்டைக்கு அடியில் வைத்தாள். பதிந்துவிட்டால் கத்தார் வளாகத்தில் நடக்கும் ஒவ்வொரு மோதலுக்கும் முழு அறிக்கை எழுத வேண்டும். ஏழு நிமிடம் நாற்பதாகும். சீட்டு வாங்கியவர்கள் வழக்காடினால் நீதிமன்றத்துக்கும் போக வேண்டும். ஓய்வுக்கு இரண்டு வருடம். முழங்கால் வேறு தகராறு செய்தது. நவம்பர் கடைசியில் வரும் தாங்க்ஸ்கிவிங் பண்டிகை முடியட்டும் என்று நினைத்தாள். அப்புறம் பனி வந்தது. அப்புறம் பனி உருகியது. தலைவர் ஒருமுறை கேட்டபோது, "நடந்துட்டிருக்கு" என்றாள். அவரும் மறந்துபோனார். மே மாதத்துக்குப் பிறகு அந்தத் தாள் அவள் நினைவுக்கு வந்ததே எப்போதாவதுதான், அதுவும் அட்டையைத் தூக்கும்போது.

செப்டம்பரில் ஒரு சனிக்கிழமை மதியம், வெண்டல் ப்ரூயிட் என்பவர் கத்தார் வளாகத்தில் வாடிக்கையாளர்கள் விட்டுப்போன தள்ளுவண்டிகளைச் சேர்த்துக் கோத்து வரிசையாகத் தள்ளிக்கொண்டு போனார். வயது ஐம்பத்து நான்கு. மளிகைக் கடையில் அதுதான் அவர் வேலை. 'நில்' பலகையில் நிற்காமல் வந்த ஒரு பிக்கப் வண்டி அவர் மேல் ஏறியது. கால் இரண்டு இடத்தில் உடைந்தது. முதலில் போய்ச் சேர்ந்தவள் லோர்னா. வெண்டலை ஆம்புலன்சில் ஏற்றிய பிறகு ஓட்டியவரிடம் உரிமத்தைக் கேட்டாள். அவர் மரியாதையாகத்தான் பேசினார்.

"குடிச்சிருக்கேனான்னு பாத்துக்கோங்க மேடம். ஆனா பலகைக்குச் சீட்டு எழுத முடியாதுல்ல? இது தனியார் இடம். போன வருஷம் இங்க என் பொண்டாட்டி வண்டியை ஒருத்தன் இடிச்சப்ப நீங்கதானே சொன்னீங்க?"

அவர் குடித்திருக்கவில்லை. வேகமாகவும் வரவில்லை, நிற்கவில்லை, அவ்வளவுதான். உரிமத்தைத் திருப்பிக் கொடுத்து அனுப்பினாள்.

ஊர் கொதித்தது. கொதிப்பு ஓட்டியவரை விட்டு ஒரே வாரத்தில் நசீப்பின் பக்கம் திரும்பியது. மற்ற மூன்று வளாகக்காரர்களும் கையெழுத்துப் போட்டுவிட்டார்கள், இவர் மட்டும் போடவில்லை, வாடிக்கை குறையுமென்று பயந்தார், கஞ்சன் என்று பேச்சு. காலை உணவுக் கடையில், பேனா மை தீர்ந்துவிடும் என்று பார்த்தாராம் என்றார் ஒருவர். பக்கத்து மேசைக்காரர், மை போனால் பரவாயில்லை, அவர் பேனாவே இரவல்தான் என்றார். அங்கே சாப்பிட்டுக்கொண்டிருந்த லோர்னா முட்டையைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்து போனாள்.

நகரசபைக் கூட்டத்தில் நாற்காலி போதாமல் சுவரோரம் ஆட்கள் நின்றார்கள். ஒவ்வொருவராக மைக்கில் வந்து நசீப்பிடம் ஒரே கேள்வியைக் கேட்டார்கள்: ஒரு கையெழுத்துப் போட உங்களுக்கு என்ன கேடு? அவர் எழுந்து நிற்க நேரமானது. மகள் ரீமா கையைப் பிடித்திருந்தாள்.

"நான் போட்டேன்னுதான் ஞாபகம்" என்றார் நசீப். கூட்டத்தில் யாரோ சிரித்தார்கள். அவர் தலைகளுக்கு மேலே எட்டிப் பார்த்தார். "லோர்னாதான் படிவம் கொண்டுவந்தா. லோர்னா மகளே, நீ சொல்லு. நான் போட்டேனா இல்லையா?"

லோர்னா கதவருகே சீருடையில் நின்றிருந்தாள். நூற்றைம்பது முகங்கள் திரும்பின.

"எனக்குச் சரியா ஞாபகமில்லை, மிஸ்டர் கத்தார்" என்றாள் லோர்னா.

அவர் தலையாட்டினார். அவளை நம்பினார் என்பதுதான் கொடுமை. "அப்ப நான் போடலை போல" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தார்.

அன்றிரவு அவள் தூங்கினாள். மறுநாளும் தூங்கினாள். பின்னால் யோசித்தபோது அவளுக்கு அதுவே அருவருப்பாக இருந்தது. பத்து நாள் கழித்து ரொட்டி வாங்கப் போனபோது மேசையில் ரீமா நின்றிருந்தாள். அப்பா எங்கே என்று கேட்டதற்கு, உள்ளே இருக்கிறார் என்று தலையைத் திருப்பிக் காட்டினாள். செவ்வாய்க்கிழமை பியோரியா நகரத்தில் மருத்துவரிடம் நேரம் வாங்கியிருக்கிறதாம், ஞாபகமறதிப் பரிசோதனைக்கு. கார் சாவியை வாங்கி வைத்துவிட்டாளாம். அவர் சண்டைகூடப் போடவில்லையாம்.

"தினம் காலைல எழுந்ததும் ஒரே கேள்விதான்" என்றாள் ரீமா. "'கண்ணாடியைத் தேடினேன், படிச்சேன், போட்டேன். எல்லாம் படமாத் தெரியுதே, அதெப்படி நடக்காம இருக்கும்?'னு கேக்கறார். நான் என்ன சொல்ல? மூளை அப்படியெல்லாம் ஏமாத்தும்ப்பான்னு சொல்றேன்."

லோர்னா ரொட்டியை வாங்காமல் வண்டிக்குப் போனாள். எழுது அட்டையைத் தூக்கினாள். தாள் ஓரத்தில் மடங்கியிருந்தது. கையெழுத்து தெளிவாக இருந்தது. நேரே உள்ளறைக்குப் போய், கீரை நறுக்கிக்கொண்டிருந்தவர் முன்னால் வைத்தாள்.

நசீப் கண்ணாடியைப் போட்டுப் படித்தார். தேதியில் விரலை வைத்தார். பிறகு சிரிக்க ஆரம்பித்தார்; வயிறு குலுங்கும் சிரிப்பு. "ரீமா, இங்க வா. என் மண்டை நல்லாத்தான் இருக்குடி. சாவியை எடு." அந்தச் சந்தோஷத்தைப் பார்க்க முடியாமல் லோர்னா தரையைப் பார்த்தாள். சிரிப்பு மெல்ல அடங்கியது.

"அன்னிக்குக் கூட்டத்துல கேட்டேனே, அப்ப இது உன் கிட்ட இருந்துச்சா?"

"வண்டியில இருந்துச்சு."

"ஞாபகம் இருந்துச்சா?"

"இருந்துச்சு."

அவர் தாளைத் திருப்பிக் கொடுத்தார். கத்தியை எடுத்துக் கீரையை நறுக்க ஆரம்பித்தார். அவள் எவ்வளவோ சொன்னாள். முழங்காலைப் பற்றிக்கூடச் சொன்னாள். அவர் நிமிரவில்லை. ரீமாதான் கடைசியில் கதவைத் திறந்து பிடித்தாள்.

எழுத்தர் அன்றைய தேதியில் கடிதத்தைப் பதிந்தார். நடந்து முடிந்ததற்கு அது செல்லாது. இனி யாரும் கேட்க மாட்டார்கள், அமைதியாக விட்டுவிடு என்று காவல்துறைத் தலைவர் சொல்லிப் பார்த்தார். அடுத்த கூட்டத்தில் லோர்னா பொதுமக்கள் பேசும் வரிசையில் சாதாரண உடையில் நின்றாள். ஆளுக்கு மூன்று நிமிடம்; மேசையிலிருக்கும் விளக்கு பச்சையில் தொடங்கி, நேரம் முடிந்தால் சிவப்பாகும். நடந்ததைத் தேதி வாரியாகச் சொன்னாள். சோம்பல்தான் காரணம் என்றாள். மிஸ்டர் கத்தார் கேட்டபோது பொய் சொன்னேன் என்றாள். முன்வரிசையில் வெண்டல் ஊன்றுகோல்களை மடியில் வைத்தபடி கேட்டுக்கொண்டிருந்தார். மூன்றாவது வரிசையில் நசீப்.

 பிறகு, காலை உணவுக் கடையில் பேனாவைப் பற்றிப் பேசிய அதே ஆள் சுவரோரத்திலிருந்து குரல் கொடுத்தார்.

"விடு லோர்னா. ஒரு காகிதம்தானே, யாருக்கும் நடக்கறதுதான்."

இரண்டு மூன்று பேர் கைதட்டினார்கள். நேர்மைக்கு நன்றி என்றார் சபைத் தலைவர்.  லோர்னா திட்டு வாங்கத்தான் வந்திருந்தாள். ராத்திரி முழுக்க அதற்குத் தயாராகியிருந்தாள்.

"அவரை இதே இடத்துல நிக்க வச்சு ஒரு கேள்வி கேட்டீங்க" என்றாள். "ஒரு கையெழுத்துக்கு என்ன கேடுன்னு. அதை என்னையும் கேளுங்க."

யாரும் கேட்கவில்லை. விளக்கு மஞ்சளாகியது.  நசீப் தொப்பியை எடுத்துத் தலையில் வைத்துக்கொண்டு எழுந்தார். வெண்டலின் தோளை ஒருமுறை தொட்டார், வெளியே போனார். அவருக்கு வழிவிட்டவர்கள் யாரும் அவர் முகத்தைப் பார்க்கவில்லை. லோர்னா நகரவில்லை. விளக்கு சிவப்பாகி, அடுத்தவர் அவள் முதுகுக்குப் பின்னால் தொண்டையைச் செருமும்வரை அந்த மைக்கின் முன்னாலேயே நின்றாள்.