எந்தக் கால், டாக்டரே

நெஸ்தோர் பெர்த்தொலின் பெரிய கால்பந்து ஆட்டக்காரன் என்று நான் சொல்ல மாட்டேன். மூன்று பருவங்கள் அவனுக்கு வலப்பக்கம் நின்று தடுத்தவன் நான். பந்து தன் காலுக்கு வந்தால் பதறுவான். எதிராளியின் காலில் இருக்கும்போதுதான் அவனுக்கு உயிர் வரும். கால் வைக்கவே யோசிக்க வேண்டிய இடத்தில் தலையைக் கொடுப்பான். கோடரியை முறிக்கும் கெப்ராச்சோ மரத்தின் பெயரை ஊர் அவனுக்கு வைத்தது. எங்கள் பாஹோ கிளப்பை விட்டு அவன் எங்கும் போகவில்லை. முதல் டிவிஷன் அவனைக் கூப்பிடவில்லை. கூப்பிட்டிருக்க வேண்டும் என்றும் நான் நினைக்கவில்லை.

கடைசி வருடங்களில் ஆட்டத்துக்கு முன் கிளப்பின் டாக்டர் கானெப்பா அவனை மேசையில் படுக்க வைத்து, இடது முழங்காலில் மரத்துப்போகச் செய்யும் ஊசி போடுவார். அவன் துண்டைக் கடித்துக்கொள்வான். ஒருமுறை மட்டும் மறுத்தான்.

"இன்னிக்கு வேணாம் டாக்டரே. உள்ள என்னமோ நறநறங்குது."

"நீ இல்லாம யாரு நிப்பா? நம்ம கிளப் சட்டைக்காக ஆடுப்பா."

ஊசியோடு ஆடினான். பிறகு ஒரு மழைநாளில், பக்கத்தில் எதிராளி யாருமே இல்லாதபோது, அந்த முழங்கால் உள்ளுக்குள் அறுந்தது. அதன்பின் அது சரியாக மடங்கவே இல்லை. கிளப் வேறொருவனைத் தேடிக்கொண்டது. நெஸ்தோர் ஆற்றங்கரை இரும்புக்கடையில் நாள் முழுவதும் நின்றே வேலை பார்த்தான், ஏனென்றால் உட்கார்ந்தால் எழுவது கஷ்டம்.

இந்த வசந்தத்தில் கிளப் தலைவர் தேர்தலுக்கு டாக்டர் நின்றார். பார்வையாளர் படிக்கட்டின் உச்சியில் பெரிய பதாகை ஏறியது: தலையில் கட்டு, கட்டை மீறி வழியும் ரத்தம், இளவயது நெஸ்தோரின் முகம். "இவன் எல்லாவற்றையும் கொடுத்தான்" என்ற வரி. அதன் கீழே டாக்டரின் பெயர்.

அவனை யாரும் கேட்கவில்லை. ரொட்டி வாங்கப் போன அவன் மனைவி நெலிதாதான் பார்த்துவிட்டு வந்து சொன்னாள். எடுத்துவிடும்படி டாக்டரின் ஆட்களிடம் போய்ச் சொன்னான். இது உங்களுக்குப் பெருமைதானே, தேர்தல் முடியட்டும் என்று முதுகில் தட்டி அனுப்பினார்கள்.

எனக்கு ஆத்திரம் மூட்டியது அந்த 'கொடுத்தான்' என்ற சொல்தான். கொடுப்பதற்குக் கொடுப்பவனின் சம்மதம் வேண்டும். வலி என்பது உடம்பு சொல்லும் மறுப்பு. அதை ஊசியால் ஊமையாக்கிவிட்டு எடுத்துக்கொண்டதற்குத் தியாகம் என்று பெயர் வைப்பவன் இரண்டாம் முறையும் எடுக்கிறான்.

தேர்தல் ஞாயிறன்று மைதானத்தின் ஓரத்தில் இறைச்சி வெந்துகொண்டிருந்தது. சாப்பிட்டுவிட்டு ஓட்டுப் போடுவது எங்கள் வழக்கம். நெஸ்தோர் டாக்டரிடமே நேரில் கேட்டுவிடுவதென்று நெலிதாவோடு வந்திருந்தான். வாய் திறக்குமுன்பே டாக்டர் மைக்கோடு வந்து அவன் தோளில் கை போட்டார். இந்த முழங்கால் இல்லையென்றால் இந்தக் கிளப்பே இல்லை என்று குனிந்து தட்டிக் காட்டினார். தட்டியது வலது முழங்காலை.

நெஸ்தோர் அந்தக் கையைப் பார்த்தான்.

"எந்தக் கால்ல ஊசி போட்டீங்க, டாக்டரே?"

"இதுலதான்ப்பா. மறப்பேனா?"

"அது நல்ல கால்."

மைக் அதையும் ஊருக்குச் சொன்னது. எல்லோரும் சிரித்தார்கள். "ரெண்டுலயும் போட்டிருப்பாரு, விடுடா கெப்ராச்சோ," என்றான் மதுக்குப்பியோடு நின்ற ஒருவன். யாரோ பழைய பாட்டை எடுத்துவிட, மேசைகளைத் தட்டிக்கொண்டு அவன் பட்டப்பெயரையே பாடத் தொடங்கினார்கள். அவன் முகத்தைப் பார்த்தவர்கள் குறைவு.

இறைச்சி மேசையிலிருந்து ஒரு கத்தியை எடுத்துக்கொண்டு படிக்கட்டை நோக்கி நடந்தான். மடங்காத காலைப் பக்கவாட்டில் இழுத்து இழுத்து ஏறினான். பாதிப் படி ஏறுவதற்குள் பாட்டு நின்றுவிட்டது. நான் பின்னால் போனேன். "நீ வராத," என்றான். உச்சியில் நின்று ஒரு பக்கக் கயிற்றை அறுத்தான், பிறகு மறு பக்கம். அவன் முகம் சிமென்ட்டில் சரிந்து மடங்கி விழுந்தது.

முழங்கால் கெட்டவனுக்கு ஏறுவதைவிட இறங்குவதுதான் வேதனை. ஒவ்வொரு படிக்கும் நின்றான். பல்லைக் கடித்தான், இப்போது துண்டு இல்லை. கீழே டாக்டர் காத்திருந்தார். கோபமாக அல்ல, உண்மையான அக்கறையோடு.

"வலிக்குதா? நாளைக்குக் கிளினிக் வா, நெஸ்தோர். ஒரு ஊசி போட்டுடறேன்."

நெஸ்தோர் கத்தியை அவர் கையில் கொடுத்துவிட்டு நெலிதாவோடு வாசலை நோக்கி நடந்தான். ஓட்டுப் போடவில்லை.

டாக்டர் ஜெயித்தார். எங்கள் ஊரில் அதில் வியப்பில்லை. படிக்கட்டின் உச்சியில் இரண்டு கயிற்று நுனிகள் மட்டும் இன்னும் தொங்குகின்றன. அங்கே அவன் முகத்தை மறுபடி கட்ட யாரும் ஏறவில்லை.